மஞ்சள் குளித்த பவர் பத்திரம்

கையெழுத்துப் போடுவதில் எனக்கு அந்தக் காலத்தில் ஒரு கர்வம் உண்டு. எங்கள் அப்பா கடைசிவரை கைநாட்டுதான். அம்மாவும் அப்படியே. அக்கா பள்ளிக்கூடம் போனவள் என்றாலும் தன் பெயரை ஒவ்வொரு எழுத்தாக நிறுத்தி, மூச்சு வாங்கி எழுதுவாள். நான் அப்படியில்லை. முதல் எழுத்தில் ஒரு சுழி, கடைசி எழுத்திலிருந்து ஒரு நீள வால், வாலுக்குக் கீழே இரண்டு புள்ளி. பஸ் டிக்கெட்டின் பின்பக்கம், ரயிலடி பெஞ்சு, மாட்டுக் கொட்டகைச் சுவர் என்று எங்கே இடம் கிடைத்தாலும் போட்டுப் பார்ப்பேன். "இவரு பெரிய கலெக்டரு. இவரு கையெழுத்துக்கு ஊரே லைன்ல நின்னுகினு கீது" என்று அக்கா கிண்டல் செய்வாள். பிற்காலத்தில் அதே அக்கா அந்தக் கையெழுத்துக்காகத்தான் வாசலைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

எங்களுக்குத் திருமுல்லைவாயில். அப்பா இருந்தவரை நெல் பயிரிட்டார். சுற்றிலும் வீடுகள் வர வர நிலம் சுருங்கி, அவர் போனபோது எங்கள் வீடும் அதற்குப் பின்னால் கிணற்றோடு ஒரு துண்டு மனையும்தான் மிச்சம். அந்தத் துண்டு அம்மா, அக்கா, நான் மூன்று பேருக்கும் பொதுவாக வந்தது. அக்காவைக் கட்டிக்கொண்ட மாமா ஆவடியில் ஒரு தொழிற்சாலையில் வேலை பார்த்தார். அவர்களுக்குக் குவார்ட்டர்ஸ். நான் அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு பட்டறையில் பிட்டர் வேலை கற்றுக்கொண்டு, எழுபதுகளின் நடுவில் வளைகுடாவில் ஒரு துறைமுக ஊருக்குக் கப்பல் பழுது பார்க்கப் போய்விட்டேன்.

குவார்ட்டர்ஸில் அக்காவுக்கு எல்லாம் இருந்தது. தண்ணீர், விளக்கு, வாசலில் வேப்பமரம், எல்லாம். ஒன்றே ஒன்றுதான் கூடாது. சுவரில் ஆணி அடிக்கக் கூடாது. வெள்ளையடிக்கும் சமயத்தில் ஒரு மேஸ்திரி வந்து சுவரைத் தடவிப் பார்ப்பார். ஓட்டை இருந்தால் மாமாவுக்கு மெமோ வரும். அதனால் அக்கா வீட்டில் சாமி படங்கள் ஸ்டூல் மேல் சுவரில் சாய்ந்து நின்றன. கல்யாணப் போட்டோ பீரோ மேல் குப்புறப் படுத்திருந்தது. காலண்டரை ஜன்னல் கம்பியில் கட்டியிருந்தாள். காற்றடித்தால் வைகாசி, சித்திரைக்குப் பின்னால் போய் ஒளிந்துகொள்ளும். விளையாட்டாகச் சொல்வாள் என்றுதான் நான் நினைத்திருந்தேன்: "எனுக்கு நகை நட்டு ஒண்ணும் வோணாண்டா. ஒரு செவுரு போதும். நான் பாட்டுக்கு இஷ்டத்துக்கு ஆணி அடிப்பேன்."

ஒரு வருஷம் மாமா திடீரென்று, வேலையை விட்டுவிட்டு அம்பத்தூர் எஸ்டேட்டில் சொந்தமாக ஒரு லேத் போடப் போவதாக அறிவித்தார். நல்ல முடிவுதான். ஆனால் வேலை போனால் குவார்ட்டர்ஸும் போகும். தை மாதத்துக்குள் காலி செய்தாக வேண்டும். உடனே அம்மா, கிணற்றடி மனை முழுவதையும் அக்காவுக்கே எழுதிவிடலாம், அங்கே வீடு கட்டிக்கொள்ளட்டும் என்று முடிவு செய்தாள். எனக்குக் கடிதம் வந்தது. எனக்கும் சந்தோஷம். பழைய வீடு எனக்கு, பின்னால் அக்கா வீடு, நடுவில் ஒரு கிணறு. இதைவிட வேறென்ன வேண்டும்?

ஆனால் என் பங்கை விட்டுக்கொடுக்க நான் கையெழுத்துப் போட வேண்டும். நானோ கடலுக்கு அந்தப்பக்கம். எனக்குப் பதிலாக அம்மா கைநாட்டு வைக்கலாம் என்று அதிகாரம் கொடுத்து ஒரு பவர் பத்திரம் எழுதி, அதை நான் இருக்கிற ஊரில் நம் துணைத் தூதரகத்து அதிகாரி முன்னால் கையெழுத்திட்டு, அவர் முத்திரை வாங்கி அனுப்பினால்தான் ஊரில் செல்லும் என்றார்களாம். அம்மா தன் பங்குக்கு இன்னொன்று சேர்த்தாள். எழுதாத மண்ணில் கல் வைக்கக் கூடாது, ஆடி பிறந்துவிட்டாலும் கல் வைக்கக் கூடாது, ஆகவே எல்லாம் ஆனிக்குள் முடிய வேண்டும். ஆவணிக்குத் தள்ளிப்போட்டால் சுவர் எழும்புவதற்குள் ஐப்பசி மழை பிடித்துக்கொள்ளும். அப்புறம் தைக்குள் வீடாவது ஒன்றாவது!

மாமா பத்திரம் எழுதுகிறவரிடம் எழுதி வாங்கிய பத்திரமும் ஒரு நகலும் தபாலில் வந்தன. சாட்சிகளாக எங்கள் ஸ்டோர்கீப்பரையும், என் அறையில் இருந்த பூந்தமல்லிக்காரனையும் கூட்டிக்கொண்டு தூதரகத்துக்குப் போனேன். இந்தப் பூந்தமல்லிக்காரன் ஊரில் லாரிகளுக்கு நம்பரும் பேரும் எழுதியவன். இங்கே கப்பல்களுக்கு எழுதினான். கை கழுவிக்கொண்டு வாடா என்றால் கழுவினான். முழங்கையில் மட்டும் ஏதோ ஒரு கப்பலின் சிவப்பு அப்படியே இருந்தது.

அதிகாரி கங்கைக் கரைப் பக்கத்துக்காரர். கனத்த கண்ணாடி, மெல்லிய குரல். பத்திரத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். தமிழ் அவருக்குப் படிக்க வராது. என்ன எழுதியிருக்கிறது என்று தெரியாமல் கையெழுத்துப் போட்டு, ஊரில் சொத்தைக் கோட்டை விட்டவர்களை நிறையப் பார்த்திருக்கிறாராம். "நீயே வாசித்து எனக்குப் பொருள் சொல். புரிந்துதான் போடுகிறாய் என்று எனக்குத் தெரிய வேண்டும்" என்றார். எனக்குத் தெரிந்த இந்தியோ கப்பல் தளத்தில் பொறுக்கியது. அதில் பாதி வசவு. மீதியை வைத்துக்கொண்டு ஆரம்பித்தேன்.

மேற்படி, மேற்கண்ட, யாதொரு வில்லங்கமும் என்று வந்த இடங்களையெல்லாம் தாண்டி ஓடி, நான்கு எல்லைக்கு வந்தேன். கிழக்கே கால்வாய். மேற்கே சித்தப்பா நிலம். தெற்கே எங்கள் பழைய வீடு. வடக்கே எருமை.

"எருமையா?" என்று அவர் கண்ணாடியைக் கழற்றினார்.

"எருமை கட்டுகிற இடம், சார். பக்கத்து வீட்டுக்காரருடையது."

"எருமை செத்துப்போனால் உங்கள் எல்லை என்ன ஆகும்?"

பூந்தமல்லிக்காரன் என் காதருகே, "வேற எர்மை வாங்குவாங்கோன்னு சொல்லு மச்சான்" என்றான். சொன்னேன். அதிகாரி சிரிக்கவில்லை, யோசித்துப் பார்த்துத் தலையாட்டினார். பிறகு கிணற்றில் கோடையில் தண்ணீர் நிற்குமா என்று கேட்டார். அது பத்திரத்தில் இல்லை. அவருக்கே தெரிந்துகொள்ள ஆசை போலிருக்கிறது. நிற்கும் என்றேன்.

அடுத்துக் கையெழுத்து. ஊர்ச் சுவர்களையெல்லாம் நிரப்பிய என் கைக்கு, அந்த மேஜைக்கு முன்னால் என்ன வந்ததோ தெரியவில்லை. முதல் பக்கத்தில் வால் வந்தது, இரண்டாம் பக்கத்தில் வால் வரவில்லை, மூன்றாம் பக்கத்தில் புள்ளி மூன்றாகிவிட்டது. அவர் பொறுமையாக ஒரு வெள்ளைத் தாளை நீட்டி, "பழகிக்கொள்" என்றார். ஒன்றாம் வகுப்புப் பையன் மாதிரி உட்கார்ந்து என் பெயரையே எழுதிப் பழகினேன். வியர்த்துக் கொட்டியது. பிறகு பத்திரத்தில் தவறியதை அடித்துவிட்டு மறுபடி போட்டேன். கடைசியில் அவருக்குத் திருப்தி வந்து, ஒவ்வொரு பக்கத்திலும் வலது கீழ் மூலையில், என் கையெழுத்துக்கு அருகில், பேனா மையில் தன் கையெழுத்தைப் போட்டு அதன் மேல் வட்டமாக ஊதா முத்திரை குத்தினார். பார்க்கவே அவ்வளவு லட்சணம். ரிஜிஸ்டர் தபாலில் அனுப்பிவிட்டு, வேலை முடிந்தது என்று நிம்மதியாக இருந்தேன்.

வைகாசி கடைசியில் ஒரு தந்தி வந்தது. மாமா கொடுத்தது. பவர் பாழ், மஞ்சள், மறுபடி அனுப்பு என்ற அர்த்தத்தில் மூன்று நான்கு ஆங்கில வார்த்தைகள். பாழ் புரிந்தது. மஞ்சள் எங்கே வந்தது? மஞ்சள் காமாலை என்று பயந்தேன். யாருக்கு என்று தெரியாமல் இரண்டு நாள் சாப்பாடு இறங்கவில்லை. அப்புறம் அக்காவின் கடிதம் வந்தது. அதைப் படித்தபோது எனக்கு வந்த கோபத்துக்கு, அந்த ஊர் வெயிலெல்லாம் நிழல்.

நடந்தது இது. தபால்காரர் கொண்டுவந்து கொடுத்ததும் அம்மா குளித்துவிட்டு வந்து பத்திரத்தை வாங்கியிருக்கிறாள். கல்யாணப் பத்திரிகையோ, ஜாதகமோ, நல்ல காரியத்துக்கு வந்த காகிதம் எதுவானாலும் எங்கள் வீட்டில் நாலு மூலையிலும் மஞ்சள் வைத்துச் சாமி முன்னால் வைத்துத்தான் எடுப்பார்கள். வழக்கமாக விரலால் தொட்டு ஒரு தீற்று. மகன் கடல் தாண்டி அனுப்பியது, மகளுக்கு வீடு தரப்போவது என்பதால் அம்மா தளரத் தளரக் குழைத்து, தாராளமாகப் பூசியிருக்கிறாள். ஒவ்வொரு பக்கத்திலும், வலது கீழ் மூலை உட்பட. அதோடு விட்டாளா? அங்கே வட்டமாக ஒன்று இருந்ததே, அதன் நடுவில் குங்குமமும் வைத்துவிட்டாள். அக்கா பார்த்துப் பதறிப்போய் ஈரத் துணியால் துடைத்திருக்கிறாள். முத்திரையும் அதிகாரியின் கையெழுத்தும் என் வாலும் புள்ளிகளும் ஒன்றாகக் கரைந்து, கத்தரிக்காய்க் கூட்டு நிறத்துக்கு வந்துவிட்டன.

இருந்தாலும் பார்ப்போம் என்று பதிவு அலுவலகத்துக்குக் கொண்டுபோயிருக்கிறார்கள். அங்கே இருந்தவர் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பார்த்தாராம், முகர்ந்தும் பார்த்தாராம். "இது பவரா, கல்யாணப் பத்திரிகையாம்மா? முத்திரையே காணோமே. இத வெச்சிகினு நான் இன்னா பண்றது? வேற வாங்கிகினு வாங்கோ" என்று கையில் கொடுத்துவிட்டார். அவர் மேல் தப்பே இல்லை.

அம்மாவோ தன் மேலும் தப்பில்லை என்றுதான் நின்றாள். அக்கா எழுதியிருந்தாள்: "நான் கேட்டதுக்கு, வட்டமா இருந்திச்சி, பொட்டு வெச்சேன், பொட்டு வெக்கத்தானே வட்டம் போட்டு அனுப்பிகீறான்னு சொல்லுது. அம்மாவத் திட்டி லெட்டர் போடாதடா. ராத்திரில அழுவுது. எனுக்கு வூடு இல்லாங்காட்டியும் பரவால்ல. இன்னும் கொஞ்ச நாளு ஜன்னல்ல காலண்டர் மாட்டிக்கிறேன், போ."

அந்தக் கடைசி வரிதான் என்னை உலுக்கிவிட்டது. ஏது ஜன்னல்? தை வந்தால் அந்த ஜன்னலும் இல்லை. வாடகைக்கு ஒரு போர்ஷன் பார்க்க வேண்டும், அங்கேயும் வீட்டுக்காரர் ஆணி அடிக்க விடமாட்டார். அவளுக்கு அது நன்றாகத் தெரியும். தெரிந்துகொண்டே எனக்கு ஆறுதல் எழுதுகிறாள். எனக்கு அழுகை வந்துவிட்டது. அழுகிறேன் என்று தெரிந்ததும் மறுபடி கோபம் வந்தது. பூந்தமல்லிக்காரன் ஒரு டம்ளர் டீயைக் கையில் திணித்துவிட்டு, கடிதத்தை வாங்கிப் படித்தான். படித்துவிட்டுச் சிரிக்க ஆரம்பித்தவன் நிறுத்தவேயில்லை.

"இன்னாடா சிரிப்பு?"

"எங்கம்மாவா இருந்தா ஆரத்தி எட்து, சூடம் காட்டி, மொத்தத்தையும் கொளுத்தியிருக்கும் மாமே. உங்கம்மா தேவலாம். நகல் கீதுல்ல, எட்து வா. நானே எய்திக் கொட்க்கிறேன்."

எழுதியும் கொடுத்தான். லாரிக்கு எழுதிய கையல்லவா! எழுத்துகள் குண்டு குண்டாக, தூரத்திலிருந்து வருகிற வண்டிக்காரனும் படிக்கிற மாதிரி வந்தன. 'அதிகாரப் பத்திரம்' என்ற தலைப்புக்கு நிழல் வேறு கொடுத்தான். இரண்டு பக்கமும் பூ வரையவா என்று கேட்டான். அடிக்கப் போனேன்.

மறுபடி தூதரகம். அதே அதிகாரி என்னை உடனே அடையாளம் கண்டுகொண்டார். "எருமை செத்துவிட்டதா?" என்றார். முகத்தில் சிரிப்பே இல்லாமல்தான் கேட்டார். இல்லை சார் என்று, நடந்ததைச் சொன்னேன். அரசாங்க முத்திரைக்கு நடுவில் குங்குமம் வைத்ததைச் சொல்லும்போது என் குரல் இறங்கிப் போயிற்று. என்ன சொல்லித் திட்டுவாரோ என்று தரையைப் பார்த்தேன்.

நிமிர்ந்து பார்த்தால், மனிதர் கண்ணாடியை மேஜையில் வைத்துவிட்டுத் தோள் குலுங்கச் சிரித்துக்கொண்டிருந்தார். பக்கத்து அறையிலிருந்தவரைக் கூப்பிட்டு என்னையே மறுபடி சொல்லச் சொன்னார். அவரும் சிரித்து முடித்த பிறகு அதிகாரி என்னிடம் ஒன்று சொன்னார். வேலைக்கு வரச் சொல்லி அவருக்கு வந்த முதல் உத்தரவில் அவருடைய அம்மாவும் மஞ்சள்தான் பூசினாராம். தேதி அழிந்துபோய், என்றைக்கு வேலையில் சேர வேண்டும் என்றே தெரியாமல், விடிய விடிய ரயிலேறிப் போய் அலுவலக வாசலில் நின்றாராம்.

பிறகு புதுப் பத்திரத்தை விரித்து, பேனாவை மூடி வைத்துவிட்டு, வெகுநேரம் தாளையே பார்த்தார். "உன் அம்மா எத்தனை மூலைக்கு வைப்பார்?"

"நாலுக்கும், சார்."

"எவ்வளவு பெரியதாக?"

நான் கட்டை விரலைக் காட்டினேன். அதை இரண்டால் பெருக்கிக்கொண்டார் போல. எழுத்து முடிந்த இடத்துக்குக் கீழே, தாளின் நட்ட நடுவில் என்னைக் கையெழுத்துப் போடச் சொன்னார். பக்கத்திலேயே தன் கையெழுத்தையும் போட்டு முத்திரையை அழுத்தினார். ஒவ்வொரு பக்கத்திலும் அப்படியே. "நாலு மூலையும் உன் அம்மாவுக்கு. நடுவில் மட்டும் கைவைக்க வேண்டாம் என்று நான் கேட்டுக்கொண்டதாக எழுது" என்றார். இந்த முறை என் வால் ஒரு பக்கத்திலும் தவறவில்லை.

அடுத்த வாரமே பூந்தமல்லிக்காரனுக்கு லீவு. பத்திரத்தைச் சுருட்டி, காலி பெயின்ட் டப்பா ஒன்றைக் கழுவிக் காயவைத்து அதற்குள் போட்டு எடுத்துக்கொண்டான். ஆனியில் போய்ச் சேர வேண்டியவன். பம்பாய்க் கப்பல் தாமதமாகி, அங்கிருந்து ரயிலும் தாமதமாகி, சென்ட்ரலில் வந்து இறங்கியபோது ஆடி பிறந்துவிட்டது. பாவம், இத்தனை நாள் கழித்து ஊருக்கு வந்தவன், தன் வீட்டுக்குக்கூடப் போகாமல் லோக்கல் ரயில் பிடித்து, பெட்டி படுக்கையோடு நேராகத் திருமுல்லைவாயிலில் போய் நின்றிருக்கிறான். டப்பாவைக் கொடுத்துவிட்டு, "யம்மா, நட்வுல மட்டும் கை வெக்காதீங்கோ. ஆபீசரு சொன்னாரு" என்றானாம்.

வீட்டில் யாருக்கும் சந்தோஷப்படத் தெரியவில்லை. பத்திரம் வந்துவிட்டது, ஆனால் ஆடியும் வந்துவிட்டது. ஆவணிவரை காத்திருந்தால் மழை. மாமா வாடகை வீடு பார்க்கிறேன் என்று செருப்பை மாட்டினார். அக்கா அடுப்படிக்குப் போய்விட்டாள். அப்போதுதான் அம்மா எழுந்திருக்கிறாள். ஆடியில் புதுத் துடைப்பம்கூட வாங்காதவள் அவள்.

"எங்க போற மாப்ளே? செருப்ப கயட்டு. நெல்லு வெதைக்க மட்டும் ஆடி நல்ல மாசம், கல்லு வெக்க ஆவாத மாசமா? ரெண்டும் அதே மண்ணுதானே? ஆடிப்பெருக்கு அன்னிக்கிப் பதிவு பண்றோம், அன்னிக்கே கல்லு வெக்கிறோம். எவனாவது கேட்டா எங்கிட்ட அனுப்பு. நான் வெச்ச மஞ்சளால வந்த தாமசம், நானே பதில் சொல்லிக்கிறேன்."

யாரும் கேட்கவில்லை. ஆடிப்பெருக்கன்று, நாலு மூலையில் மட்டும், அதுவும் மிளகளவு மஞ்சளோடு பத்திரம் பதிவு அலுவலகத்துக்குப் போயிற்று. அங்கே முன்பு முகர்ந்து பார்த்தவரே, பூந்தமல்லிக்காரன் நிழல் கொடுத்த தலைப்பை ரசித்துவிட்டு, எழுத்து ஜோராக இருக்கிறது என்றாராம். நான் வியர்த்துப் போட்ட அத்தனை கையெழுத்துக்கும் முடிவில், என் சார்பாக அங்கே விழுந்தது அம்மாவின் பெருவிரல் ரேகைதான். சாயங்காலம் கிணற்றடியில் கல் வைத்தார்கள். மழைக்கு முன்னால் கூரை ஏறியது. தையில் பால் காய்ச்சினார்கள்.

எனக்கு லீவு கிடைத்து நான் ஊர் போய்ச் சேர்ந்தபோது அடுத்த ஆவணி. பெட்டியை வைத்துவிட்டு நேராகக் கிணற்றைச் சுற்றிக்கொண்டு அக்கா வீட்டுக்குப் போனேன். சுவரெல்லாம் ஆணியாக இருக்கும், சல்லடையாக்கியிருப்பாள் என்று சிரித்துக்கொண்டே நுழைந்தேன். உள்ளே சாமி படங்கள் ஸ்டூல் மேல் சாய்ந்து நின்றன. கல்யாணப் போட்டோ பீரோ மேல் குப்புறக் கிடந்தது. காலண்டர் ஜன்னல் கம்பியில். நாலு பக்கமும் வெள்ளைச் சுவர், ஒரு கீறல்கூட இல்லை.

"இன்னாக்கா இது? இதுக்கா நான் அந்தப் பாடுபட்டேன்? ஆணி வாங்கக்கூட மாமா காசு தரலியா?"

அம்மா பின்னாலேயே வந்து நின்றாள். "குடி வந்த நாளா இப்டித்தான் கீது. நானும் சொல்லிச் சொல்லிப் பார்த்துட்டேன். அவன் வந்து மொத ஆணி அடிச்சாத்தான் நான் அடிப்பேன்னு ஒத்தக் கால்ல நிக்கிறா."

அக்கா மாமாவின் சுத்தியலையும் ஒரு ஆணியையும் என் கையில் வைத்தாள். அவள் கண் கலங்கியிருந்தது, ஆனால் வாய் சும்மா இருக்குமா? "கலெக்டரு கையெழுத்துப் போட்டுக் கட்டின வூடு. தெறப்பு விழாவுக்குக் கலெக்டரு வர வேணாவா?" என்றாள்.

ஆணியைச் சுவரில் வைத்தேன். இரும்போடு பிழைக்கிறவன் நான், ஒரு ஆணி எம்மாத்திரம் என்று ஓங்கி அடித்தேன். கண்ணில் நீர் நின்றதால் சரியாகத் தெரியவில்லை. ஆணி வளைந்துபோய், உள்ளங்கை அகலத்துக்குச் சுண்ணாம்பு பெயர்ந்து என் கால் மேல் விழுந்தது. புத்தம் புதுச் சுவர். நான் பதறிப்போய் அக்காவைப் பார்த்தேன்.

அக்கா விழுந்து விழுந்து சிரித்தாள். "உடு நைனா, இன்னொரு தபா அடி. நம்ம செவுருதானே!" என்றாள்.